குழந்தைவேலு நின்ற இடம்

எங்கள் ஈச்சங்காட்டில் முதலில் பலகைதான் இருந்தது, கல் இல்லை. வனத்துறைப் பூங்காவுக்குள் நுழைந்து அருவிக்கு ஏறும் நடைபாதையின் இரண்டாவது வளைவில், நீலப் பெயின்ட் அடித்து வெள்ளை எழுத்தில் ‘நடுகல். ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரனின் நினைவாக எடுக்கப்பட்டது’ என்று எழுதிய பலகை எங்கள் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பிருந்தே நின்றது, பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது, பள்ளத்தில் ஒன்றுமே இல்லை. கல்லை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், கல்லே எங்களோடு இருந்து வெறுத்துப்போய் மலையிறங்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், பலகை நட வந்தவர்கள் மலை மாறி வந்துவிட்டார்கள் என்று விவரமானவர்கள் சொல்வார்கள். எப்படியானாலும் பலகை என்று ஒன்று இருக்கும்போது நாங்கள் சும்மா இருக்க முடியுமா? ஆடி மாதத்தில் அந்தப் பள்ளத்துக்கே மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம், பள்ளத்துக்கே பொங்கல் வைத்தோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளத்துக்கே நேர்ந்துகொண்டோம். காய்ச்சலும் இறங்கத்தான் செய்தது.

அந்த வருஷம் புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. வனக்காவலர் ஜெயசீலன் ஒரு டிக்கெட்கூடக் கிழிக்காமல் பூங்கா வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், எதிரே சின்னப்பொண்ணின் டீக்கடையில் பால் திரிந்து திரிந்து கீழே போனது. பத்தாம் நாள் காலையில், கரூர் நம்பர் போட்ட ஒரு வெள்ளைக் கார் சேற்றில் சறுக்கிச் சறுக்கி மேலே வந்து நின்றது. அதிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவர்களுடைய மகளும் இறங்கினார்கள்.

ஆணின் பெயர் குழந்தைவேலு. கரூரில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் துணியில் பிசிறு பார்க்கிற வேலை. ஒல்லியான தேகம், கண்ணாடி, சட்டைப்பையில் பேனா, மீசை இல்லாத முகம், இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். பெண் பூங்கோதை, அவருடைய மனைவி. மகள் மிருதுளா எட்டாவது படிக்கிறவள். காலாண்டு லீவு விட்டால் மற்றவர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவார்கள், குழந்தைவேலு வீட்டில் மட்டும் பலகை பார்க்கப் போவார்கள். எங்கே ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ என்று ஒரு பலகை தெரிகிறதோ அங்கே கார் நிற்கும், மூன்று பேரும் இறங்கவேண்டும், அவர் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசியில் இருக்கும் அபராத எச்சரிக்கை வரை சத்தமாகப் படிப்பார், படித்து முடிக்கும் வரை யாரும் காருக்குள் ஏறக்கூடாது. படித்த பிறகு மனைவியையும் மகளையும் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பார். எடுக்கிறவர் அவரே என்பதால் பதினைந்து வருஷத்துப் போட்டோக்களில் ஒன்றில்கூட அவர் இல்லை. சிலவற்றின் ஓரத்தில் அவருடைய விரல் மட்டும் விழுந்திருக்கும்.

நாமக்கல்லில் மழை, கிருஷ்ணகிரியில் மழை, வழியில் பார்த்த சமணர் படுக்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மூன்று நாளாக ஈரக் காலுறையோடு நடந்த மிருதுளா எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது பேச்சையே நிறுத்தியிருந்தாள். நடைபாதையில் அவர்கள் ஏறினார்கள், வழிகாட்ட ஜெயசீலனும் கூடப் போனார். அவர்தான் பிறகு எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னார், ஒரு தடவை அல்ல, ஆயிரம் தடவை.

இரண்டாவது வளைவில் பலகையைப் பார்த்ததும் குழந்தைவேலு நின்றார், படித்தார், முடித்தார்.

“ஏனுங்க, போர்டு இருக்குது, கல்லு எங்கீங்க?” என்று கேட்டாள் பூங்கோதை.

“அதான் புள்ள நானும் பாக்கறேன்.”

“இதுக்குத்தான் இவ்வளவு தூரமாப்பா?” என்றாள் மிருதுளா. மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

குழந்தைவேலுவுக்கு மகள் அழுதால் தாங்காது. அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினார், வலது கையை ஓங்கினார், இடது கையை மார்புக்கு முன்னால் கேடயம்போல மடக்கினார், “யாரடா அது என் மாட்டைத் தொட்டது!” என்று நாடகக் குரலில் கத்தினார். மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. “பூங்கோத, போனைப் புடி, ஒரு போட்டோ எடு, இந்த ஒரு டூர்லயாச்சும் நானும் இருக்கேன்” என்றார். பூங்கோதை குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு போனை வாங்கினாள், அதன் கண்ணாடியெல்லாம் மழைத்துளி, முந்தானையால் துடைக்கத் துடைக்க ஈரம்தான் பரவியது.

“இருங்க, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க” என்றாள்.

கட்டிய நாளிலிருந்து அவள் சொன்ன சொல்லை அவர் தட்டியதில்லை. துடைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது பள்ளத்தில் ஒரு கல் நின்றுகொண்டிருந்தது. ஓங்கிய கையோடு, கண்ணாடியோடு, சட்டைப்பையில் பேனாவோடு, மகளைப் பார்த்துப் பாதி சிரித்த வாயோடு. போட்டோ எடுத்தாகிவிட்டது. அதில் இருந்ததும் கல்தான்.

ஜெயசீலன் இறங்கி ஓடிவந்து சொன்னபோது நாங்கள் யாரும் அப்படியா என்று வாயைப் பிளக்கவில்லை, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஊர்ப்பெரியவர் சடையன் தம்ளரைக் கீழே வைத்தார். “வந்துட்டாரா?” என்று மட்டும் கேட்டார். இத்தனை வருஷமாகப் பலகை சொல்லிக்கொண்டிருந்த கல்லுக்கு இன்றைக்குத்தான் வழி தெரிந்தது என்பதுபோல நாங்கள் எல்லோரும் எழுந்து சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே ஏறினோம், போகும்போதே மஞ்சள் யார் எடுத்தது, எண்ணெய் யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டோம். அங்கே போனால் ஒரு பெண் கல்லைக் கட்டிக்கொண்டு “ஏனுங்க, போதுமுங்க, விளையாண்டது போதுமுங்க, வாங்க” என்று அதன் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவள் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தோம். அவள் முடிக்கவே இல்லை. கடைசியில் அவளைச் சுற்றியே எண்ணெய் வைத்தோம்.

ஆடு வெட்டுவதா சேவல் வெட்டுவதா என்று அன்று சாயங்காலம் பெரிய வாக்குவாதம் நடந்தது. வீரனுக்கு ஆடுதான் முறை என்று பாதிப் பேர், புரட்டாசியில் ரத்தம் காட்டக்கூடாது என்று மீதிப் பேர். பூங்கோதையைக் கேட்டுவிடலாம், ஆயிரம் இருந்தாலும் அவருடைய வீட்டுக்காரியாயிற்றே என்று யாரோ சொன்னார்கள். அவளிடம் போய் நின்றோம்.

“அவரு முட்டைகூடத் திங்க மாட்டாருங்க” என்றாள் அவள்.

எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். பூசணிக்காய் உடைத்தோம்.

அம்மாவையும் மகளையும் சின்னப்பொண்ணு தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பூங்கோதை அடிவாரத்துக் காவல் நிலையத்துக்குப் போனாள், துணைக்கு நாங்கள் நாலு பேர். எழுத்தர் நல்ல மனிதர், துண்டு கொடுத்துத் தலை துவட்டச் சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார், பிறகு பேனாவை மூடினார்.

“காணோம்னாதாம்மா புகார் எழுத முடியும். உங்க வீட்டுக்காரரு எங்க கீறாருன்னு உங்களுக்கே தெரியுதே.”

“உசுரோட இல்லீங்களே சார்.”

“செத்துட்டாருன்னு டாக்டர் சொன்னாரா?”

சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. அவள் திரும்பி வந்தாள். வரும் வழியெல்லாம் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு “நாந்தான் அசையாதீங்கன்னேன், நாந்தான் சொன்னேன்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம்.

மூன்றாம் நாள் குழந்தைவேலுவின் அண்ணன் நாச்சிமுத்து கடப்பாரையும் டெம்போவும் நாலு ஆட்களுமாக வந்து இறங்கினார். ஆள் வாட்டசாட்டம், கன்னம் வரை முறுக்கிய மீசை. தம்பியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாவது பார்த்துக்கொள்கிறோம் என்றார். நியாயம்தான் என்று எங்களுக்கும் பட்டது, நாங்களும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனோம். முழங்கால் வரை தோண்டினோம், இடுப்பு வரை தோண்டினோம், ஓர் ஆள் ஆழம் தோண்டினோம், கல் கீழே போய்க்கொண்டே இருந்தது. மலையிலிருந்தே அது முளைத்திருந்தது. மண்ணை மறுபடி தள்ளிவிட்டு எல்லோரும் சேறும் சகதியுமாக உட்கார்ந்து சின்னப்பொண்ணு கொண்டுவந்த டீயைக் குடித்தோம்.

அப்போதுதான் நாச்சிமுத்து தம்பியை நிதானமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சின்ன வயசிலிருந்து ஒரு நாய அதட்டி அறியாதவன். பாருங்க, எப்படி நிக்கறான்னு பாருங்க. கவுண்டன் நிக்கறாப்ல நிக்கறான்” என்றார். அவர் குரலில் அழுகை இருந்தது, ஆனால் அழுகை மட்டும் இல்லை. காலையில் வந்த கோபம் போய், ஊர் திரும்புகிறபோது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். ஊருக்குப் போய் ஃபிளக்ஸ் அடிக்கப் போவதாகச் சொன்னார்.

பூங்கோதை போகவில்லை. ஏனென்றால் அதற்குள் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள், அதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. மழை அந்தக் கல்லை அவசரமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாறைகளெல்லாம் அப்படியேதான் இருந்தன, அந்த ஒரு கல்லின் மேல் மட்டும் ஒரு நாள் மழை நூறு வருஷத்து மழையாக இறங்கியது. இரண்டாம் நாளே கண்ணாடியின் காதுப்பிடி போய்விட்டது. நான்காம் நாள் சட்டைப்பையும் பேனாவும் சேர்ந்து கீழே வழிந்து இடுப்பில் செருகிய குறுவாளாகிவிட்டன. ஓங்கிய வெறுங்கைக்குள் ஒரு மேடு தோன்றி வளர்ந்து வாளானது. காதுக்குக் கீழே இருந்த மச்சம் ஐந்தாம் நாள் மதியம் கரைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், இருந்தது, இருந்தது, இல்லை என்றாள் சின்னப்பொண்ணிடம்.

“ஆளு போனது போகட்டுமக்கா. மூஞ்சியாச்சும் இருக்கட்டுமே” என்றாள். அவளுக்கு அப்புறம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கடையில் இருந்ததிலேயே பெரிய குடையை வாங்கிக்கொண்டு போய்க் கல்லின் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். விடிந்ததும் போவாள், இருட்டியதும் ஜெயசீலன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் மலை மழைக்கு மேலிருந்து மட்டும் பெய்யத் தெரியாது, பக்கத்திலிருந்தும் பெய்யும், சில சமயம் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறியும் பெய்யும். குடை எந்த மூலைக்கு? அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து விட்டாள், துடைத்த முந்தானையில் மாவாக ஏதோ ஒட்டியது, அதைப் பார்த்ததும் துடைப்பதையும் விட்டுவிட்டாள். பிறகு பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவளுடைய வேலையானது. கண்ணை எடுத்தால்தான் கரைகிறது என்று அவளுக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

மகள் அதற்கு நேர்மாறு. முதல் நாள் மலையிறங்கியவள் அதன் பிறகு அந்தப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. டீக்கடையின் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பையில் கொண்டுவந்திருந்த கணக்கு நோட்டில் எதையாவது போட்டுக்கொண்டிருப்பாள்.

“பெத்த அப்பன்டி அது. ஒரு தடவ வந்து பாக்க மாட்டயா? கல்லு நெஞ்சுடி உனக்கு” என்று ஒருநாள் பூங்கோதை கத்தினாள். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிருதுளா சுவரைப் பார்த்தபடியே, “அதப் பாத்துட்டா எனக்கும் அதுதாம்மா அப்பான்னு ஆயிரும்” என்றாள்.

ஆறாம் நாள், கல்வெட்டுகளைப் பதிவு செய்கிற ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்தார். அளவெடுத்தார், எழுத்து தெரிகிறதா என்று மாவு தடவிப் பார்த்தார், பாதத்துக்குக் கீழே மழை அரித்த கோடுகளை எழுத்து என்று கண்டுபிடித்துக் கூட்டிப் படித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு என்றார். மாடு பிடிக்க வந்த கூட்டத்தில் பதினொரு பேரை வெட்டிவிட்டு விழுந்தவன் என்றார்.

“அவரு பேரு குழந்தைவேலுங்க. எழுபத்தொம்பதுல பொறந்தவரு. மாட்டக் கண்டாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவாருங்க” என்றாள் பூங்கோதை.

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். “வீட்டுல இருக்கறவங்களுக்கு அவங்க வீரம் தெரியறதில்லைம்மா” என்றார். பலகையில் கீழே காலியாக இருந்த இடத்தில் காலத்தையும் பதினொரு பேரையும் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். எழுதிய நாளிலிருந்து எங்களுக்கும் அதுதான் சரி என்று பட ஆரம்பித்தது. குழந்தைவேலு என்ற பெயரை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம், வீரர் என்றோம், பிறகு ஐயன் என்றோம். பிள்ளைகள் அவர் வாளோடு பேருந்தில் வந்து இறங்கியதைத் தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். மலையேற வருகிறவர்கள் கூட்டம் கூட ஆரம்பித்தது, அவர்கள் ரெயின்கோட்டோடு கல்லுக்குப் பக்கத்தில் கையை ஓங்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், குடை பிடித்து நிற்கிற பெண்ணைப் படத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவள் தள்ளி நின்றாள். எடுத்து முடித்ததும் மறுபடி குடையோடு வந்தாள்.

ஏழாம் நாள் பெய்த மழையில் மேல்காட்டில் மண் சரிந்தது. மரமும் பாறையுமாகக் கீழே இறங்கி வந்த சேறு இரண்டாவது வளைவுக்கு வந்து, கல்லின் முதுகில் முட்டி, இரண்டாகப் பிரிந்து ஓடைக்குள் போய் விழுந்தது. நேராக வந்திருந்தால் கீழே பதினொரு வீடுகள். அந்தப் பதினொரு வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்தது. நாங்கள் அவர் காலில் விழுந்தோம், அவர் காலடியில் உட்கார்ந்திருந்த பூங்கோதையின் காலிலும் விழுந்தோம். அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்.

“ரெண்டு தகரம் போதுமுங்க. நாலு கம்பு நட்டு மேல ரெண்டு தகரம். மூஞ்சி மட்டும் நனையாம இருந்தாப் போதும்.”

ஊர்க்கூட்டம் போட்டோம். பள்ளிக்கூடத்தில், மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி உயர்த்திப் பேசினோம். தகரம் இல்லாமல் இல்லை, பஞ்சாயத்துக் கொட்டகையில் முப்பது தகரம் சும்மா கிடந்தது. ஆனால் எங்கள் மலையில் காவல் நிற்கும் கல்லுக்குக் கூரை போடும் வழக்கம் கிடையாது. எல்லையில் நிற்பவர் வெயிலில் காயவேண்டும், மழையில் நனையவேண்டும், அப்போதுதான் அவர் எல்லையில் நிற்பவர்.

“தகரம் ஒண்ணியும் பெருசில்லம்மா. ஆனா மேல கூரை வந்துட்ச்சுன்னா அவுரு ஊட்டு மனுசன் ஆயிடுவாரு. ஊட்டு மனுசன் ஊரைக் காக்க மாட்டாரு. இன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு நீயே பாத்தியே” என்றார் சடையன்.

“அவரு ஊட்டு மனுசன்தானுங்க. ஏழு நாளா நான் அதைத்தானுங்க சொல்லிட்டிருக்கேன்” என்றாள் பூங்கோதை.

சடையன் அழுதார். அந்தப் பதினொரு வீட்டுப் பெண்களும் அழுதார்கள், அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதுகொண்டே முடியாது என்றார்கள். எங்களில் ஒருவராவது அன்றைக்கு எழுந்து இரண்டு தகரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் போகவில்லை, நானும் போகவில்லை.

அதன் பிறகு இரண்டு நாள் அவள் குடையும் இல்லாமல் கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், பார்வையை மட்டும் எடுக்கவில்லை. கண்ணாடி முழுதாகக் கரைந்து கண்கள் உருண்டு பெருத்தன. பாதி சிரித்த வாய் இறுகிக் கோடானது. வழித்த மேலுதட்டில் முதலில் ஒரு வரி விழுந்தது, அந்த வரி தடித்தது, தடித்தது இரண்டு பக்கமும் சுருண்டது. ஐயனுக்கு மீசை முளைத்துவிட்டது என்று ஊரெல்லாம் போய்ப் பார்த்தோம். அப்படியொரு மீசை. நல்ல கலையான முகம் என்று பேசிக்கொண்டோம். பூங்கோதை அந்த மீசையையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், அது வளர்ந்த ஒவ்வொரு நாழிகையும் அவள் கண் முன்னால்தான் வளர்ந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் சின்னப்பொண்ணு அவளை வற்புறுத்தி டீக்கடைக்குக் கூட்டிவந்து, உலர்ந்த புடவை கொடுத்து, ஒரு வாய் சோறு உண்ண வைத்தாள். மழைக்கு ஒதுங்கியவர்கள் ஏழெட்டுப் பேர் நாங்களும் அங்கே இருந்தோம். பூங்கோதை கொழுந்தனார் வீட்டுக்கெல்லாம் ஆள் விட்டுக் குழந்தைவேலுவின் முகம் தெரிகிற ஒரு போட்டோ கிடைக்குமா என்று தேடச் சொல்லியிருந்தாள். கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது, ஆதார் அட்டையில் இருந்த முகம் யாருக்கும் பொருந்தாத முகம். கடைசியில் நாச்சிமுத்து எங்கேயோ ஒரு படத்தைக் கண்டுபிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் சிக்னல் வருவது போவது மேகத்தைப் பொறுத்தது. அன்று மதியம் வந்தது.

மிருதுளா போனை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோயில் திருவிழாவில் எடுத்த படம். அண்ணன் தம்பி மூன்று பேரும் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றார்கள். ஓரத்தில் நின்றவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நின்றவருக்கு முறுக்கு மீசை.

பூங்கோதை போனை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகம் தெளிந்தது. எங்களுக்கே அப்பாடா என்று இருந்தது. அவள் ஒரு விரலை எடுத்து, கொஞ்சமும் யோசிக்காமல், நடுவில் நின்றவரின் முகத்தை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

“பாரு கண்ணு, அப்பா” என்றாள்.

மிருதுளா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “அம்மா, அது பெரியப்பாம்மா. அப்பா இந்தா, ஓரத்துல.”

“போடி. எனக்குத் தெரியாதா? ராவும் பகலும் பாத்துட்டிருக்கற மூஞ்சிடி. மீசையப் பாரு, அப்படியே இருக்குது.”

“அப்பாவுக்கு எங்கம்மா மீசை?”

பூங்கோதையின் விரல் நின்றது. மகள் காட்டிய ஓரத்து மனிதரை அவள் பார்த்தாள், யாரோ ஓர் உறவினரை எந்த வீட்டு விசேஷத்தில் பார்த்தோம் என்று யோசிப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தாள். சின்னப்பொண்ணு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஏதோ கேட்க வாயைத் திறந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் பூங்கோதை எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், நாங்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டோம்.

மிருதுளா தலையைக் குனியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, நின்றுபோன அந்த விரலை மறுபடி நடுவில் இருந்த முகத்தின் மேலேயே வைத்தாள்.

“ஆமாம்மா, இவருதான் அப்பா” என்றாள். “எனக்குத்தான் சரியாத் தெரியல.”